பழைய காரில் பாட்டு: கொஞ்சம் புகை, கொஞ்சம் வரலாறு

போன வருஷம் ஆடி மாதம், கோயம்புத்தூரில் என் மாமாவின் 1953 மாரிஸ் மைனர் காரின் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. காரணம் நான்தான். புகை வந்தபோது ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் சுவாரசியம்.

நடந்தது இதுதான். இரண்டாகப் பிரிந்த முன் கண்ணாடி கொண்ட அந்த வண்டியைத் தாத்தா வாங்கினார், மாமா காப்பாற்றி வருகிறார். அதில் ஒரு நல்ல சவுண்ட் சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்று நான் வாக்கு கொடுத்திருந்தேன். புளூடூத் செட் ஒன்று வாங்கி, ஒரு கார் ஆக்சஸரி கடையில் கொடுத்தேன். அங்கிருந்த பையனிடம், "தம்பி, இது பாசிட்டிவ் எர்த் வண்டி" என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டேன். இன்றைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் தலைகீழ், பாசிட்டிவ் முனை பாடிக்குப் போகும். பையன் கெட்டிக்காரன். செட்டின் சிவப்பு வயரை பாடிக்கும், கறுப்பு வயரை இக்னிஷனிலிருந்து வரும் வயருக்கும் கொடுத்தான். செட்டின் தகர உடம்பு வண்டியில் எங்கும் படாதபடி ரப்பர் ஷீட் சுற்றினான். பாட்டு வந்தது. பத்து நிமிஷம் எல்லாரும் தலையாட்டிக் கேட்டோம். எஃப்.எம். வருதா பார்ப்போமே என்று நான் ஆன்டெனா பிளக்கை எடுத்து செட்டின் பின்னால் சொருகினேன்.

ஆன்டெனா வயரின் வெளிச்சுற்று செட்டின் உடம்போடு, அதாவது நெகட்டிவோடு, இணைந்தது. அதே வெளிச்சுற்று மறுமுனையில் ஆன்டெனாவின் அடிக்கட்டை வழியாக மட்கார்டைத் தொடுகிறது. மட்கார்டு பாசிட்டிவ். நேரடி ஷார்ட் சர்க்யூட்! நடுவில் ஃபியூஸ் போட்டிருக்கவில்லை. எழுபது வருஷத்து துணி சுற்றிய வயர் சிவந்து உருகியது. "ஏங்கண்ணு, வண்டி புகையுது பாரு" என்று மாமா மிக நிதானமாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பேட்டரி கிளாம்பைப் பிடுங்கித் தப்பித்தோம்.

கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் லாக் ஃபைலைத் திறந்து படிப்பது என் தொழில். இதற்கு லாக் ஃபைல் எங்கே? தேடிப்போனதில் கிடைத்ததுதான் கீழே வருவது.

முதலில் ஒரு ஆறுதல். காரில் ரேடியோ மாட்டி வண்டியைக் கொளுத்தப் பார்த்தவன் நான் முதல் ஆள் இல்லை. சிகாகோவில் கால்வின் மேனுஃபேக்சரிங் என்ற சின்ன கம்பெனி. பால் கால்வினும் தம்பி ஜோசஃபும் 1928-ல் தொடங்கியது. வீட்டு ரேடியோவை பேட்டரிக்குப் பதில் கரண்ட்டில் ஓட்டும் கருவி செய்து விற்றார்கள். 1929-ல் பொருளாதாரம் கவிழ்ந்ததும் புதுசாக ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. கார் ரேடியோ செய்தால் என்ன என்று இறங்கினார்கள். கடன் கேட்கப் போன பேங்க்காரரின் பாக்கார்டு காரில் கால்வின் ஒரு செட் மாட்டிக் கொடுத்தார், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது, கடனும் போச்சு என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, என் அனுபவத்துக்குப் பிறகு நான் முழுக்க நம்புகிறேன்!

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு. கால்வினுக்கு உள்ளே ஸ்டால் போட வசதி இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, சிகாகோவிலிருந்து ஏறக்குறைய 800 மைல் ஓட்டிப்போய், மாநாட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் வந்தது. அந்த செட்டின் பெயர் மோட்டோரோலா. மோட்டாரையும், அப்போது பாட்டுப்பெட்டிகளுக்கு வைத்துக்கொண்டிருந்த 'ஓலா' என்ற வாலையும் ஒட்டிய பெயர். கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறியது 1947-ல்.

விலை சுமார் 120 டாலர். புத்தம்புது ஃபோர்டு மாடல் ஏ காரே 600 டாலருக்குள் கிடைத்த காலம் அது. ஆனால் எனக்கு விலையைவிட மாட்டும் வேலைதான் முக்கியமாகப் பட்டது. வால்வுகளுக்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஆறு வோல்ட் போதும், அது கார் பேட்டரியில் உண்டு. ஆனால் வால்வு வேலை செய்ய நூறு, நூற்றைம்பது வோல்ட் தனியாக வேண்டும். அதற்கு தனி உலர் பேட்டரிகள். அவற்றை வைக்க காரின் தரைப்பலகையை அறுத்து அடியில் ஒரு பெட்டி தொங்கவிட வேண்டும். ரேடியோ பெட்டிக்கு ஒரு ஓட்டை. ஸ்பீக்கருக்கு இடம். ஆன்டெனாவுக்காக கூரையின் உள்துணியைப் பிரித்து கம்பி வலையைப் பதித்து மறுபடி தைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் ரெசிஸ்டர். இல்லாவிட்டால் ரேடியோவில் இன்ஜினின் தடதடப்புதான் கேட்கும். இரண்டு ஆட்கள், சில நாட்கள். புது காரைக் கொண்டுவந்து விட்டவர் திரும்ப எடுக்க வரும்போது எத்தனை ஓட்டைகள் என்று எண்ணியிருப்பார்.

ஐரோப்பாவில் இதே கதை 1932-ல். ஜெர்மனியின் பிளாபுங்க்ட் ஏ.எஸ். 5 என்ற செட்டை வெளியிட்டது. எடை 15 கிலோ, விலை 465 மார்க். டேஷ்போர்டில் அடங்காததால் பெட்டியை எங்கேயோ வைத்து, ஸ்டீயரிங் தண்டில் ஒரு சின்ன கண்ட்ரோல் வைத்து இயக்கினார்கள். தற்செயலாக, அவர்கள் அதை மாட்டிக் காட்டிய காரும் ஸ்டூடிபேக்கர்தான். ஸ்டீயரிங்கில் வால்யூம் பட்டன் என்பது நவீன வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலர் பேட்டரி தொல்லையைத் தீர்த்தது வைப்ரேட்டர் என்ற சின்ன கருவி. இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அபாரமான யோசனை. காலிங் பெல் எப்படி தன் கரண்டைத் தானே துண்டித்து இணைத்து டிர்ர் என்று அடிக்கிறதோ, அதே தத்துவம். பேட்டரியின் நேர் மின்சாரத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். அந்தப் பக்கம் இருநூறு வோல்ட் சொச்சம் வெளியே வரும். அதை ரெக்டிஃபையர் வால்வு மறுபடி நேர் மின்சாரமாக்கும். இன்றைய லேப்டாப் சார்ஜருக்குள் டிரான்சிஸ்டர் செய்யும் வெட்டும் வேலையை 1930-களில் ஒரு உலோக நாக்கு செய்தது. பழைய கார் ரேடியோவை ஆன் செய்தால் முதலில் கேட்கும் அந்த ரீங்காரம் இதுதான்.

இங்கேதான் என் புகைக்கான விடை இருக்கிறது. வைப்ரேட்டரும் தனி ரெக்டிஃபையர் வால்வும் உள்ள செட்டுக்கு காரின் எர்த் எந்தப் பக்கம் என்பது ஒரு பொருட்டே இல்லை. இழை சூடாக எந்தத் திசையில் கரண்ட் போனாலும் சரி. உயர் வோல்ட்டேஜை செட் தானே உள்ளே தயாரித்துக்கொள்கிறது. (நாக்கே ரெக்டிஃபையர் வேலையையும் செய்யும் இன்னொரு வகை உண்டு. அதற்கு திசை முக்கியம். ஆனால் அதிலும் பல செட்டுகளில் வைப்ரேட்டரைத் திருப்பிச் சொருகினால் போதும்.) அமெரிக்காவிலும் அப்போது சில கம்பெனி கார்கள் பாசிட்டிவ் எர்த், சில நெகட்டிவ் எர்த். 1930-களின் நடுவில் பிரிட்டன் பெரும்பாலும் பாசிட்டிவுக்குப் போனது. துரு குறையும், ஸ்பார்க் பிளக்குக்கு நல்லது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். ரேடியோக்காரர்களுக்கு இதில் பெரிய கவலை இருக்கவில்லை.

கவலை டிரான்சிஸ்டரோடு வந்தது. கிறைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன முதல் கார் ரேடியோவை 1955 ஏப்ரலில் அறிவித்தார்கள். 1956 மாடல் கார்களில் 150 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்தது. வைப்ரேட்டர் வேண்டாம், சூடாகும் வரை காத்திருக்க வேண்டாம், பேட்டரியும் காலியாகாது. ஆனால் டிரான்சிஸ்டர் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் குடிக்கிறது. திசை மாறினால் அவ்வளவுதான். இரண்டு வகை வண்டிகளும் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டனில், ரேடியோமொபைல் போன்ற கம்பெனிகள் எந்த எர்த்துக்கும் மாற்றிக்கொள்ளும்படி செட்டுகளை விற்றன. 1960-களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் கார்களும் நெகட்டிவுக்குத் திரும்பிய பிறகு அந்த வசதியும் போய்விட்டது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததும் அதே காலம். ஆல்டர்னேட்டர் பற்றி ஒரு துணைத் தகவல்: அதைக் கார்களுக்குக் கொண்டுவந்த மோட்டோரோலா குழுவின் தலைவர் எல்மர் வேவரிங், 1930-ல் கால்வினோடு முதல் கார் ரேடியோவில் வேலை செய்த அதே ஆள்.

அந்த முதல் ரேடியோவில் இன்னொருவரின் கையும் இருந்தது. பில் லியர். பின்னால் லியர்ஜெட் விமானம் செய்தவர். அவர் மறுபடி கார் பாட்டுக்குத் திரும்பி வந்து எட்டு டிராக் டேப்பை உருவாக்கினார். ஃபோர்டு அதை 1966 மாடல்களில் கொடுத்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் கிறைஸ்லர் காருக்குள் ரெக்கார்டு பிளேயரையே வைத்துப் பார்த்தது. எல்.பி. ரெக்கார்டு உருவாக்கிய சி.பி.எஸ். குழுவின் பீட்டர் கோல்ட்மார்க் செய்தது. ஏழு அங்குல தட்டு, நிமிஷத்துக்கு 16⅔ சுற்று, குலுங்கினாலும் முள் குதிக்காதபடி அழுத்தமான கை. ஆனால் அதற்கான தட்டுகள் ஒரே கம்பெனியிடம்தான் கிடைக்கும், ரிப்பேரும் அதிகம். சீக்கிரமே ஊத்தி மூடிவிட்டார்கள். ஃபிலிப்ஸ் 1963-ல் காட்டிய சின்ன கேசட்தான் கடைசியில் காரை ஜெயித்தது.

அந்த கேசட் மாமாவின் மாரிஸுக்குள் வந்தது 1984-ல். அதுவரை தாத்தாவின் வால்வு ரேடியோ இருந்தது. வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டி, சிலோன் கேட்ட ரேடியோ. மாமாவுக்கு அப்போது கல்யாணமான புதுசு. கேசட் பிளேயர் வேண்டும். வால்வு ரேடியோவைக் கழற்றிப் பரணில் போட்டார். பட்டறையில் கொடுத்து, ஹேக்ஸா பிளேடால் டேஷ்போர்டை நீள்சதுரமாக அறுத்தார்கள். இன்றும் கார் செட்டுகளுக்கான அந்த 182-க்கு 53 மில்லிமீட்டர் ஓட்டை ஜெர்மன் தரக்கட்டளையிலிருந்து வந்தது. டின் என்று கடைக்காரர்கள் சொல்வது அதன் சுருக்கம்தான்.

சரி, பாசிட்டிவ் எர்த் வண்டியில் கேசட் எப்படி ஓடியது? கேட்டேன். "டிக்கியில ஒரு ஸ்கூட்டர் பேட்டரி வெச்சுருந்தம் கண்ணு. வீட்டுக்கு வந்ததும் கழட்டி சார்ஜ் போடறது. வண்டிக் கரண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். அந்த எலெக்ட்ரீஷியன் யாரோ, 1930 சிகாகோ முறைக்கே திரும்பிப் போய்விட்டார். இரண்டு வயரும் பாடியைத் தொடாமல் தனியாக ஓடியதால் வண்டி பிழைத்தது. நான் பாழாக்கியதை அவர் நாற்பது வருஷம் முன்னால் பத்திரமாகச் செய்திருக்கிறார்.

"அறுத்ததுதான் தப்பு. உங்க தாத்தா ஒண்ணும் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் அவரு முன்சீட்டுல உட்காரவே இல்லை" என்றார் மாமா. பிறகு நிபந்தனை போட்டார்: "பாட்டு வேணும்னா வையி. இனி ஒரு ஓட்டை போடக்கூடாது."

ஓட்டை இல்லாமல் சவுண்ட் சிஸ்டம். நாலு கதவிலும் அறுத்து ஸ்பீக்கர் பதிப்பதுதான் எல்லாரும் செய்வது, அந்த வழி மூடிவிட்டது. கணக்குப் போட உட்கார்ந்தேன்.

மாரிஸின் லூகாஸ் டைனமோ ஓடும்போது தருவது அதிகபட்சம் 19 ஆம்பியர் அளவில். சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. இரவில் ஹெட்லைட்டுகளுக்கு 7, மற்ற விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 3 அல்லது 4 ஆம்பியர் போனால் மிச்சம் ஆறு, வைப்பர் ஓடினால் மூன்று. அட்டையில் '4×50 வாட்ஸ்' என்று போட்டிருக்கும் செட்டுக்கு 10 முதல் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். பாட்டு கேட்டுக்கொண்டே போனால் திரும்பி வர வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

ஆனால் தாத்தாவின் ரேடியோ வெறும் நாலு வாட்ஸில் வண்டி நிறையப் பாடியதே, எப்படி? ஸ்பீக்கர்தான் காரணம். அந்தக் காலத்து பெரிய, லேசான காகிதக் கூம்புகளுக்கு சென்சிட்டிவிட்டி அதிகம். இன்று கதவுக்குள் அடங்க வேண்டும் என்று செய்யும் கனமான சின்ன ஸ்பீக்கர்கள் கரண்ட்டைத் தின்னும், சத்தம் குறைவாகத் தரும். சென்சிட்டிவிட்டியில் 6 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தை நாலில் ஒரு பங்கு பவரில் கொடுத்துவிடும். அதாவது பழைய காரில் காசை ஆம்ப்ளிஃபையரில் போடக்கூடாது, ஸ்பீக்கரில் போட வேண்டும். கடையில் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை.

இன்னொன்று, ஸ்பீக்கரைப் பெட்டியில் அடைக்காமல் சும்மா தொங்கவிட்டால் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போய்விடும். பட்டறைகளில் பின் கண்ணாடிப் பலகையில் திருகி வைக்கும் ஸ்பீக்கர்கள் தகரக்குரலில் பாடுவது இதனால். எங்கள் தெரு தச்சரிடம் பிளைவுட்டில் இரண்டு மூடிய பெட்டிகள் செய்து, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாமான் தட்டின் இரு மூலைகளிலும் பொருந்தும்படி வைத்தேன். தட்டில் ஏற்கெனவே உள்ள திருகுகளே பிடித்துக்கொண்டன. ஆம்ப்ளிஃபையர் கிளாஸ்-டி வகை, கையளவு, வாங்கும் கரண்ட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். சேனலுக்கு 20 வாட்ஸ். பாட்டு ஓடும்போது சராசரியாக இரண்டு ஆம்பியர்கூடத் தாண்டவில்லை. சீட்டுக்கு அடியில் போய்விட்டது. போனிலிருந்து புளூடூத்.

எர்த்தை என்ன செய்வது என்பதில்தான் ஒரு வாரம் தூங்கவில்லை. வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினேன். ஒரிஜினாலிட்டி போச்சே என்று பழைய கார் அன்பர்கள் திட்டலாம். எதையும் அறுக்காமல், ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடக்கூடிய வேலை என்பது என் பதில். வெறுமனே பேட்டரியைத் திருப்பி வைத்தால் போதாது. காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவின் வயர்களைக் கழற்றிவிட்டு, அதன் எஃப் முனையில் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை இரண்டு நொடி தொட்டு எடுக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் காந்தத்தின் திசை மாறும். எஸ்.யு. பெட்ரோல் பம்ப்பில் பிற்காலத்து டயோடு இருந்தால் எரிந்துபோகும், முதலில் பார்த்துவிட வேண்டும். எங்களுடையதில் டயோடு இல்லை. பானெட்டுக்கு உள்ளே கொட்டை எழுத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று ஒட்டினேன், அடுத்த மெக்கானிக் புகை பார்க்க வேண்டாமே என்று. இந்த முறை பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ்.

மாமா அறுத்த நீள்சதுரம் பாக்கி. பரணிலிருந்து வால்வு ரேடியோவை இறக்கினோம். டவுன் ஹால் பக்கம் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் கண்டென்சர்களை மாற்றிக் கொடுத்தார். டிங்கர் ஒருவர் ஓட்டையின் அளவுக்குத் தகடு வெட்டி, பெயின்ட் சேர்த்து, நடுவில் ரேடியோவின் முகத்தைப் பொருத்தினார். எர்த் மாறியது அந்த ரேடியோவுக்குத் தெரியவே இல்லை. தனி ரெக்டிஃபையர் வால்வு உள்ள வகை. அரை நிமிஷம் சூடாகி, ரீங்கரித்து, மீடியம் வேவில் கோவை நிலையத்தைப் பிடித்தது.

கூடவே இன்ஜினையும் பிடித்தது. பட் பட் பட் என்று வேகத்துக்கு ஏற்ப ஒரு சத்தம், அடியில் ஒரு ஊளை. மருந்து 1930-ல் உள்ளதேதான்: ரெசிஸ்டர் உள்ள பிளக் தொப்பிகள், காயிலுக்கு ஒரு கண்டென்சர், டைனமோவின் பெரிய முனைக்கு ஒரு மைக்ரோஃபாரட் கண்டென்சர். (சின்ன எஃப் முனையில் தப்பித் தவறியும் மாட்டிவிடாதீர்கள், ரெகுலேட்டரின் பாயின்ட் கருகிவிடும்.) பட் பட் நின்றது. ஊளை முக்கால்வாசி போனது.

போன ஞாயிறு பேரூர் வரை ஓட்டிப்போனோம். மாமா புளூடூத்தில் இரண்டு பாட்டு கேட்டார், நல்லாருக்குது என்றார். மூன்றாவதில் கையை நீட்டி என் போனை வாங்கி நிறுத்தினார். "சத்தம் ஜாஸ்தியா மாமா?" என்றேன். "இல்லீங் கண்ணு, மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருமே, அது கேக்க மாட்டீங்குது" என்றார். திரும்பி வரும்போது மழை. வைப்பர் போட்டதும் வால்வு ரேடியோவில் கரகரவென்று இரைச்சல். வைப்பர் மோட்டாருக்கும் ஒரு கண்டென்சர் போட வேண்டும், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது.